தொழில்: விவசாயம்

எக்ஸ்ரே வண்டி எங்கள் சுகாதார நிலையத்துக்கு முதன்முதலாக வந்த அன்று, வரிசையில் நின்ற ஒரு பெண்ணுக்கு இருமல் வந்துவிட்டது. கலியாணம் பேசி முடித்திருந்த பெண். முந்தானையை வாயில் அடைத்துப் பார்த்தாள், அடங்கவில்லை. காசநோய் பார்க்கிற வரிசையில் ஒரு பெண் இருமினால் ஊர்க்கண் எப்படித் திரும்பும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு முன்னால் நின்றவர் சட்டென்று குனிந்து, நெஞ்சு கிழிகிற மாதிரி இருமினார். "நாந்தானுங்க, நாந்தானுங்க. காத்தால குடிச்ச சாமைக்கஞ்சி பொரை ஏறிப்போச்சு" என்று நாலு பக்கமும் கும்பிடு போட்டார். எல்லோரும் அவரை விட்டு இரண்டடி தள்ளி நின்றார்கள். அந்தப் பெண்ணை யாரும் பார்க்கவில்லை.

நான் அங்கே கூட்டிப் பெருக்குகிறவள். வாளியோடு பக்கத்தில் நின்றதால் எனக்கு மட்டும் தெரிந்தது. அந்தப் பெண்ணுக்குக்கூடத் தெரிந்திருக்காது.

அவர் பெயர் குப்புசாமி. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தால் அதற்கு நாடு என்று பெயர்; திண்ணனூர் நாட்டில் ரோட்டை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் அவர் வீடு. இரண்டு ஏக்கர் காடு. குச்சிக்கிழங்கும் சாமையும் போடுவார். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றியிருந்தார். மனைவி போய் ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரே மகள் அருணா. அவளைக் கீழே சேந்தமங்கலத்தில் மில் வேலை பார்க்கும் ரமேஷ்குமாருக்குக் கொடுத்திருந்தார். அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

தலைப்பிரசவம் பெண்ணைப் பெற்றவர் வீட்டில்தான் நடக்க வேண்டும். அம்மா இல்லாத வீடு என்பதால் அவரே எல்லாவற்றையும் பார்த்தார். கூரையில் ஓட்டைத் தகரங்களை மாற்றினார். வெந்நீருக்கு விறகு பிளந்து அடுக்கினார். பிள்ளைக்காரிக்குக் காற்று அடிக்கக் கூடாதென்று சன்னலுக்குக் கதவு போட்டார். "பேரப்புள்ளைய மொதல்ல வாங்கறது என்ற கைதான்" என்று பஸ்ஸில் ஏறுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு வண்டியோடு வந்த கௌசிகா என்ற பெண் ஒவ்வொருவரிடமும் பெயர், வயது, ஊர் கேட்டுப் பதிந்துகொண்டிருந்தாள்.

"தொழில் என்னங்க ஐயா?"

"விவசாயமுங்க."

அவருக்கு முன்னால் நின்றவரும் அதைத்தான் சொன்னார். பின்னால் நின்றவர்களும் அதைத்தான் சொன்னார்கள்.

படம் எடுத்த மறுநிமிடம் கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்லிவிடும் என்றார்கள். ஏஐ என்று அதற்குப் பெயர். நெஞ்சுப் படத்தில் சந்தேகமான இடத்தில் சிவப்பு படரும். ஓரத்தில் நூற்றுக்கு இத்தனை என்று எண் வரும். குப்புசாமியண்ணன் படத்தில் இரண்டு தோளுக்கும் கீழே சிவப்பாகப் பூத்திருந்தது. எண் தொண்ணூற்று நான்கு.

சளியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். கிருமி இல்லை என்று வந்தது. மறுபடி அனுப்பினார்கள், அப்போதும் இல்லை. ஆனாலும் படம் இப்படி இருக்கும்போது சும்மா விட முடியாது என்று எங்கள் டாக்டர் ஆறு மாதத்துக்குக் காசநோய் மாத்திரை எழுதினார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கையில் இருந்தது அந்தப் படம்தான்.

மாத்திரையை என் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்று ஏற்பாடு. தினமும் காலையில் நடந்து வருவார். வந்ததும் கையை நீட்டி, "அம்மிணி, பிரசாதம் குடு" என்பார்.

"சாமி பேரை இதுக்கு இழுக்காதீங்கண்ணா."

"அறப்பளீசுவரருக்குக் கோவம் வராது. இந்த மாத்திரையால என்ற மூத்திரம் செவப்பாப் போறதைப் பாத்தா அவருக்கே பாவமாத்தான் இருக்கும்."

சிரித்துக்கொண்டே விழுங்குவார். ஊர் மட்டும் அவரோடு சிரிக்கவில்லை. டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடி டம்ளர், அவருக்குக் காகிதக் கப்பு. கோயில் பொங்கலில் அவர் வந்து உட்கார்ந்த பந்தியில் இரண்டு பக்கமும் இலை காலியாகக் கிடந்தது. அதற்குப் பிறகு அவர் பந்திக்கு வரவில்லை. வாயையும் மூக்கையும் மூடி ஒரு மாஸ்க் போட்டுக்கொண்டார். வீட்டுக்குள் தனியாக இருக்கும்போதும் அதைப் போட்டுக்கொள்வார் என்று பிறகு எனக்குத் தெரிந்தது.

வளைகாப்பு முடிந்து அருணாவை மலைக்கு அழைத்து வர நாள் பார்த்திருந்த நேரத்தில் மருமகன் போன் செய்தார். பிரசவத்தை அங்கேயே வைத்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். குப்புசாமியண்ணன் என்னிடம் அதைச் சொல்லும்போது, "அதுதாஞ் செரி. நானே சொல்லோணும்னு இருந்தேன்" என்றார். பெண் குழந்தை பிறந்தது. போனில் வந்த படத்தை என்னிடம் நீட்டி, "முடி யாரு மாதிரி இருக்குது, பாத்துச் சொல்லு" என்று கேட்டார். அவர் மனைவி மாதிரி என்றேன். அதைக் கேட்கத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

ஆறு மாத மாத்திரை முடிந்தது. வண்டி மறுபடி வந்தது. இந்த முறை எண் தொண்ணூற்று ஆறு.

அன்று அவர் வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் காலைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனேன். காலை எடுக்கவே இல்லை.

அதற்கு இரண்டு மாதம் கழித்து அனுராதா என்ற டாக்டரம்மா வந்தார். கீழே ஒரு மருத்துவக் கல்லூரியில் எக்ஸ்ரே படம் பார்த்துச் சொல்கிறவர். மெஷின் சொல்வதும் சளிப் பரிசோதனை சொல்வதும் எத்தனை பேருக்கு ஒத்துப்போகிறது என்று ஆராய்ச்சி செய்ய வந்திருந்தார். மற்ற ஊர்களில் பெரும்பாலும் ஒத்துப்போனது. எங்கள் மலையில் மட்டும் நாற்பத்தொரு பேருக்கு மெஷின் காசநோய் உண்டு என்றது, சளிப் பரிசோதனை இல்லை என்றது. நாற்பத்தொன்றில் முப்பத்தொன்பது பேர் ஆண்கள். தொழில் எல்லோருக்கும் விவசாயம்.

"விவசாயத்துல என்னம்மா இருக்கு? பூச்சி மருந்தா? விறகுப் புகையா?" என்று என்னிடம் கேட்டார்.

"புகையின்னா எங்களுக்கில்லீங்களா வந்திருக்கோணும்? அடுப்புக்கிட்ட இருக்கறது பொம்பளைங்கதானுங்க" என்றேன்.

"அதேதான் கண்ணாயிம்மா. அதான் எனக்கும் புரியலை."

மூன்றாம் நாள் அந்த நாற்பத்தொரு பேரையும் வரச் சொல்லியிருந்தார். குப்புசாமியண்ணன் பக்கத்தில் பைல் நாட்டுக் காளியண்ணன் உட்கார்ந்திருந்தார். இரண்டு பேருக்கும் அதற்கு முன் பழக்கமில்லை. நான் வராந்தாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா கதவுக்குப் பக்கத்தில் நின்று படங்களை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"நீங்க எந்த வண்டி?" என்று கேட்டார் காளியண்ணன்.

"மஞ்ச வண்டிப்பா. ராய்ப்பூர்ப் பக்கம். ராடு மாட்டறது."

"அடேயப்பா, அங்க ஆயரம் அடி போனாலும் பொகைதான வரும்!"

"சோத்துல கல்லுமாவு, தண்ணியில கல்லுமாவு. என்ற மீசை அங்க நரைச்சுப்போயிரும். ஊட்டுக்கு வந்து குளிச்சாத்தான் கறுப்பாகும். என்ற பொண்டாட்டி அடையாளம் தெரியாம ஒரு வாட்டி கதவைச் சாத்திட்டா."

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரிப்பு இருமலாகி வெகுநேரம் நிற்கவில்லை. டாக்டரம்மா கையில் இருந்த படங்களை அப்படியே வைத்துவிட்டுக் குப்புசாமியண்ணனிடம் வந்தார்.

"என்ன வண்டிங்க ஐயா அது?"

"போர் வண்டிங்க. கெணத்துக்குப் பதிலாத் தொளை போடுவாங்களே."

"எத்தனை வருஷம் போனீங்க?"

"பத்தொம்பது வருசமுங்க. வருசத்துல எட்டு மாசம்."

"ஃபார்ம்ல விவசாயம்னு இருக்கே?"

"ஆமாங்க. விவசாயந்தானுங்க. காடு இருக்குதுங்களே."

"அப்ப இது?"

அவருக்குக் கேள்வியே புரியவில்லை. "இது தொழில் இல்லீங்க. இது சம்பாரிக்கப் போறதுங்க" என்றார்.

அவர் மறைக்கவில்லை. எங்கள் மலையில் கையகலம் காடு இருந்தாலும் அவன் விவசாயி. எட்டு மாதம் வெளியூரில் கல்லைத் துளைத்துவிட்டு வந்தாலும், அது வெளியே போய் வந்தது, அவ்வளவுதான். என் வீட்டுக்காரரும் நான்கு வருடம் போனவர். கேட்டிருந்தால் நானும் விவசாயம் என்றுதான் சொல்லியிருப்பேன். டாக்டரம்மா அங்கிருந்தவர்களைப் பார்த்து, யார் யார் போர் வண்டிக்குப் போனீர்கள் என்று கேட்டார். முதலில் ஒருவரும் கை தூக்கவில்லை. குப்புசாமியண்ணன் திரும்பி, "தூக்குங்கப்பா. பொண்ணா கேக்கறாங்க?" என்றார். ஒவ்வொன்றாக முப்பத்தேழு கைகள் எழுந்தன.

பிறகு அவரை உள்ளே கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். நான் கதவருகில் நின்றேன். நுரையீரலில் கேழ்வரகைத் தூவிவிட்டது போல இருந்தது.

"ஐயா, இது பெரும்பாலும் கிருமி இல்லை. கல்லுத் தூசி. மூச்சோட உள்ள போய்த் தங்கிருச்சு. அதனாலதான் மாத்திரை கேக்கலை. ஸ்கேன் எடுத்து உறுதி பண்ணணும். ஆனா..." அவர் படத்தைக் கீழே வைத்தார். "உள்ள போனதை வெளியே எடுக்க மருந்து இல்லைங்க. இனி அதிகமாகாமப் பாத்துக்கலாம். அதுவும் ஓரளவுக்குத்தான்."

அவர் அதையெல்லாம் கேட்டுக்கொண்டார். பிறகு, "இது ஒட்டுங்களா?" என்றார்.

"ஒட்டாது."

"பச்சப்புள்ளைக்கு?"

"யாருக்கும் ஒட்டாதுங்க ஐயா."

மாஸ்குக்கு மேலே கண் இரண்டும் சுருங்கின. சிரிக்கிறார் என்று தெரிந்தது. மருந்தே இல்லை என்று கேட்டுவிட்டுச் சிரித்த மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. டாக்டரம்மா குனிந்து எதையோ எழுதுவது போல இருந்தார்.

கீழே போய் ஸ்கேன் எடுத்தார்கள். தூசிதான் என்று டாக்டரம்மா கையெழுத்துப் போட்டுக் காகிதம் கொடுத்தார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஒரு சீப்பு மலைவாழைப்பழமும் வாங்கிக்கொண்டு சேந்தமங்கலத்துக்குப் போனார். சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பிவிட்டார்.

"என்னண்ணா, தங்கலையா?"

"சம்பந்தியம்மா ஒத்துக்கலை அம்மிணி."

மருமகனின் தாயார் ராமாயி கெட்ட மனசுக்காரி இல்லை. அவருடைய தம்பியே காசநோயில் போனவர். அவர் சொன்னதைக் குப்புசாமியண்ணன் அப்படியே சொன்னார்: "சம்பந்தி, தப்பா நெனைக்காதீங்க. மிசினு ரெண்டு வாட்டி சொல்லியிருக்குது. டாக்டரம்மா ஒரு வாட்டிதான் சொல்லுது. மனுசங்க தாட்சணியத்துக்குச் சொல்லுவாங்க. மிசினுக்கு உங்க மேல பிரியமும் இல்ல, கோவமும் இல்ல. அது எதுக்குப் பொய் சொல்லுது?"

அருணா குழந்தையைக் கதவுக்கு உள்ளே நின்று தூக்கிக் காட்டினாளாம். வாசலில் நாற்காலி போட்டு அவரை உட்கார வைத்தார்களாம்.

"சம்பந்தியம்மா சொல்றதும் நாயந்தான" என்றார். வாழைப்பழம் நன்றாக இருந்ததா என்று நான் கேட்டேன். எனக்கு வேறு கேட்கத் தெரியவில்லை.

மறுவாரம் அவர் டாக்டரம்மாவிடம் போய் நின்றார். "ஏனுங்க, அந்த மிசினையே சொல்ல வெக்க முடியுங்களா?"

டாக்டரம்மா அவரை உட்கார வைத்துச் சொன்னார். அந்த மெஷின் தானாக எதையும் அறியாது. லட்சக்கணக்கான படங்களைக் காட்டி, இது காசநோய், இது இல்லை என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். போர் வண்டிக்காரர்களின் படத்தை அதன் சரியான பெயரோடு அதற்கு யாரும் போதுமான அளவு காட்டவில்லை. தெரியாததைப் பார்த்தால், தனக்குத் தெரிந்த பெயரையே அது சொல்கிறது. நூற்றுக்கணக்கில் படம் சேர்ந்தால், மற்ற ஊர்ப் படங்களோடு சேர்த்து, அதை உண்டாக்கியவர்களிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லலாம்.

"எத்தனை நாளாகுங்க?"

"ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகும். உங்க படத்தைக் குடுக்கச் சம்மதமா? பேரை எடுத்துட்டுத்தான் குடுப்போம்."

"பேரை எடுத்துட்டா, அது நாந்தான்னு மிசினுக்கு எப்படிங்க தெரியும்?"

"அதுக்கு உங்களைத் தெரிய வேண்டாம் ஐயா. உங்க நோயைத் தெரிஞ்சா போதும்."

"அதுஞ் செரி" என்று கைரேகை வைத்தார். "ஆளுங்களை நான் கூட்டியாரேனுங்க."

அதன்பிறகு பதினாறு மாதம் அந்த மனிதர் நடந்தார். திண்ணனூர் நாடு, பைல் நாடு, வாழவந்தி நாடு என்று ஒற்றையடிப் பாதையெல்லாம் ஏறி இறங்கினார். இருபது அடிக்கு ஒருமுறை நின்று, பாறையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். யாரிடமும் தொழில் என்ன என்று அவர் கேட்கவில்லை. "எந்த வண்டிக்குப் போனீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்படிக் கேட்டதும் வண்டியின் நிறம், ஊர், எத்தனை அடி போட்டோம் என்று வரிசையாகச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்களாம். கௌசிகாவும் தன் கேள்விப் பட்டியலில் அந்தக் கேள்வியைச் சேர்த்துக்கொண்டாள்.

கேலிக்கும் குறைவில்லை. "என்ன குப்பு, மிசினுக்கு மாப்பிள்ளை தேடறியா? ஜாதகம் வேணுமா?" என்று ஒருவர் கேட்டாராம்.

"ஜாதகம் வேண்டாம். நெஞ்சுப் படம் பொருந்துனாப் போதும், வா" என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

ஒரு வீட்டில் அந்த ஆளின் மனைவி இவரை வாசலிலேயே நிறுத்திவிட்டாள். "நோவுக்காரன் வந்து, நல்லா இருக்கற ஆளுக்கு நோவுங்கறான். போய்யா அந்தப் பக்கம்." அன்றைக்கு அவர் சுகாதார நிலையத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணாடி டம்ளரில் டீ ஊற்றிக் கொடுத்தேன். மாஸ்கைத் தூக்கித் தூக்கிக் குடித்தார்.

"எத்தனை பேராச்சுண்ணா?"

"தொண்ணூத்தி ரெண்டு. அந்தம்மா உட்டிருந்தா தொண்ணூத்தி மூணு."

நூற்றுப் பன்னிரண்டு பேரை அவர் கொண்டுவந்து சேர்த்தார். அதில் எட்டுப் பேருக்குத் தூசியோடு காசநோயும் சேர்ந்திருந்தது தெரிந்து, காலத்தோடு மாத்திரை ஆரம்பித்தார்கள். தன் படம் என்ன ஆயிற்று என்பதை மட்டும் மாதத்துக்கு ஒருமுறை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்பார். "படிச்சுக்கிட்டிருக்குதுங்களா?" என்பார். "படிக்குதுங்க ஐயா" என்பார் அவர். கீழே குழந்தை தவழ்ந்தது, நின்றது, நடந்தது. எல்லாம் போனில்தான். நான் எட்டுக்கை அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். என்ன கேட்டு நேர்ந்துகொள்வது என்று தெரியாமல், அந்த மெஷினுக்கு நல்ல புத்தி கொடு தாயே என்று வேண்டினேன்.

திருத்திய மெஷினோடு வண்டி வந்த நாளில் அவர் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு முதல் ஆளாக நின்றார். வேட்டியை இடுப்பில் செருகவே அவருக்கு இரண்டு முறை மூச்சு வாங்கியது. படம் எடுத்தார்கள். சிவப்பு வரவில்லை. வேறு நிறத்தில் புள்ளி புள்ளியாகக் காட்டியது. காசநோய்க்கு நேரே பதினொன்று என்றும், அதற்குக் கீழே, தூசி நுரையீரல், டாக்டர் பார்க்கவும் என்றும் வந்தது.

"மிசினே சொல்லுச்சுன்னு அதுல இருக்குதா கண்ணு?" என்று கௌசிகாவிடம் கேட்டார்.

"இருக்குதுங்க ஐயா. மேலயே இருக்குது பாருங்க."

"ரெண்டு காயிதமாக் குடு. ஒன்னு நனைஞ்சாலும் ஒன்னு இருக்கட்டும்."

மறுநாளே கீழே போனார். இந்த முறை ராமாயியே வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அழைத்தாராம். இலை போட்டுச் சோறு வைத்தார்களாம். எல்லாம் சரியாகத்தான் நடந்தது. குழந்தைக்கு அப்போது ஒரு வருடம் எட்டு மாதம். இவர் கையை நீட்டியதும் வீறிட்டு அழுது, ராமாயியின் சேலைக்குள் போய் முகத்தை ஒளித்துக்கொண்டது.

"அது என்ன பண்ணும்? பொறந்ததுலருந்து என்னைப் போனுக்குள்ளதான பாத்துது" என்றார் என்னிடம். "நெசத்துல இத்தனை பெரிய ஆளா இருப்பேன்னு அதுக்குத் தெரியாதில்ல."

அதற்கப்புறம் வாரம் ஒருமுறை போய் வந்தார். பஸ் ஏறுகிற இடம் சுகாதார நிலையத்துக்கு எதிரில்தான். போகும்போது என்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போவார். நான்காவது வாரம் போனவருக்குச் சேந்தமங்கலத்திலேயே மூச்சுத்திணறல் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். நான்கு நாள் ஆக்சிஜனில் இருந்தார். ஐந்தாம் நாள் விடியற்காலை மலைக்கு உடலைத்தான் கொண்டுவந்தார்கள். அருணா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடவே வந்தாள். கடைசியில் குழந்தை அவர் கைக்கு வந்ததா என்று அவளிடம் கேட்க எனக்கு மனம் வரவில்லை. இன்னும் கேட்கவில்லை.

நான்காவது வாரம் அவர் கிளம்பிய காலையில் நல்ல பனி. பஸ் முகப்பு விளக்கோடு நின்றது. அவர் ஏறுவதற்கு நானும் கண்டக்டரும் ஆளுக்கொரு கை கொடுத்தோம். சன்னலோரம் உட்கார்ந்து மூச்சை நிதானப்படுத்திக்கொண்டு, மாஸ்கைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். முழு முகத்தையும் பார்த்து வெகுநாளாகியிருந்தது. மீசை முழுக்க நரைத்துவிட்டது.

"உடம்பு முடியலைன்னா அடுத்த வாரம் போலாமுங்களேண்ணா" என்றேன்.

"மொத வாட்டி அழுதுது. ரெண்டாவது வாட்டி ஓடிப்போச்சு. போன வாட்டி கதவுக்குப் பின்னால நின்னு உத்து உத்துப் பாத்துது அம்மிணி" என்றார். "இன்னும் ரெண்டு வாட்டி போனா வந்துரும்."